பிரைமரி கீயும் இண்டெக்ஸும்: ஒரு நூலகத்தை வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரவுத்தளம் வடிவமைக்கத் தொடங்குபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். ஓர் ஊர் நூலகம், அதற்கு நான்கு டேபிள்கள் (விவரங்களை வைக்கும் அட்டவணைகள்; ஒரு வரிசை ஒரு பதிவு, ஒரு நெடுவரிசை ஒரு புலம்). ‘நூல்’ டேபிளில் தலைப்பு, ஆசிரியர், பதிப்பாண்டு இருக்கும். ஒரே நூலுக்கு ஐந்து படிகள் இருந்தால் ‘பிரதி’ டேபிளில் ஐந்து பதிவுகள் இருக்கும். ‘உறுப்பினர்’ டேபிளை விளக்க வேண்டியதில்லை. ‘இரவல்’ டேபிளில் எந்தப் பிரதியை யார் எப்போது எடுத்தார், கெடு என்றைக்கு, எப்போது திரும்பியது என்ற விவரம் இருக்கும்.

பாடநூலில் முதன்மைத் திறவுகோல் என்று படித்திருப்பீர்கள். வேலை செய்யும் இடத்தில் பிரைமரி கீ என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

பிரைமரி கீ வைத்தாலே இண்டெக்ஸும் தானாக வந்துவிடுகிறது. அப்படியென்றால் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. பிரைமரி கீ ஒரு விதி. ‘இந்த மதிப்பு இந்த டேபிளில் ஒரே ஒரு பதிவுக்குத்தான் உண்டு, அது வெறுமையாக இருக்காது’ என்று நீங்கள் தரவுத்தளத்துக்குச் சொல்வது. இண்டெக்ஸ் தேடுவதற்கான ஒரு வழி. புதிதாக ஒரு பதிவு வரும்போது அதே மதிப்பு ஏற்கனவே இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் டேபிள் முழுவதையும் துழாவ முடியாது. அதனால்தான் பிரைமரி கீக்கும் யூனிக் விதிக்கும் (ஒரு மதிப்பு இருமுறை வரக் கூடாது என்ற விதி) தரவுத்தளமே இண்டெக்ஸ் போட்டுக்கொள்கிறது.

இந்த வேறுபாட்டை கணினி அறிஞர் எட்கர் காட் 1970-இல், தரவை டேபிள்களாகப் பார்க்கும் ரிலேஷனல் மாதிரியை முன்வைத்த கட்டுரையிலேயே பார்க்கலாம். பிரைமரி கீயை அவர் தரவின் அமைப்போடு சேர்த்துப் பேசுகிறார். இண்டெக்ஸை வேகத்துக்கான ஏற்பாடாக மட்டுமே பார்க்கிறார். இண்டெக்ஸ்கள் வரலாம், போகலாம், அதனால் நிரல்கள் பாதிக்கப்படக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு. நடைமுறைக்கும் அதுவே பொருந்தும். இண்டெக்ஸைத் தவறாகப் போட்டால் ஒரு மாலையில் நீக்கிவிட்டு வேறு போடலாம். பிரைமரி கீயைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் அது மற்ற டேபிள்களிலும், இணைப்பு முகவரிகளிலும், அச்சடித்த பார்கோடுகளிலும் பரவிவிடும். அதனால் யோசிக்கும் நேரத்தில் பெரும்பங்கைப் பிரைமரி கீக்கே கொடுங்கள்.

ஐஎஸ்பிஎன் (நூல்களுக்கான சர்வதேசத் தர எண்) ஒவ்வொரு நூலுக்கும் தனி எண்தானே? ‘நூல்’ டேபிளுக்கு அதையே பிரைமரி கீயாக வைக்கலாமா?

வைக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். இந்தக் கேள்விக்குள் பல விஷயங்கள் இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் சிக்கல், எல்லா நூலுக்கும் அது இருக்காது. ஐஎஸ்பிஎன் உலகத் தரமாக ஆனதே 1970-இல்தான். அதற்கு முன் அச்சான தமிழ் நூல்களுக்கு எண் கிடையாது. அதற்குப் பிறகும் சிறு பதிப்பகங்கள், ஊர் மலர்கள், ஆசிரியரே வெளியிட்ட கவிதைத் தொகுப்புகள் எனப் பலவற்றில் எண் இருக்காது. பிரைமரி கீ வெறுமையாக இருக்கக் கூடாது என்பதால் நூலகர் ஏதோ ஒரு போலி எண்ணைப் போட்டு வைப்பார். அந்த நொடியிலிருந்து உங்கள் புலத்தில் இருப்பது ஐஎஸ்பிஎன் இல்லை.

அடுத்தது, எண்ணே மாறும். 2007 ஜனவரி 1 அன்று பத்து இலக்க ஐஎஸ்பிஎன் பதின்மூன்று இலக்கமானது. முன்னால் 978 சேர்ந்ததோடு கடைசிச் சரிபார்ப்பு இலக்கமும் வேறு கணக்கில் வரத் தொடங்கியது. அதைப் பிரைமரி கீயாக வைத்திருந்தவர்கள், அதைச் சுட்டிய எல்லா டேபிள்களையும் சேர்த்து மாற்ற வேண்டியிருந்தது.

வெளியில் யாரோ ஒருவர் தரும் எண் எதுவாக இருந்தாலும் இந்த ஆபத்து உண்டு. வங்கிக் கிளைகளின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டைப் பாருங்கள். பதினோரு எழுத்துகள், நாடு முழுவதும் தனித்துவமானவை, அரசும் வங்கிகளும் நம்பும் குறியீடு. ஆனால் 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியோடு இணைந்தது. பிறகு அந்தக் கிளைகளின் குறியீடுகள் இந்தியன் வங்கிக்குரிய எழுத்துகளில் தொடங்கும்படி மாறின. கிளை அதே தெருவில், அதே கட்டடத்தில்தான் இருந்தது. இலங்கையில் தேசிய அடையாள அட்டை எண் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்துமாக இருந்தது, 2016 முதல் பன்னிரண்டு இலக்கமானது. ஒரே ஆளுக்குப் பழைய வடிவம் ஓரிடத்திலும் புதிய வடிவம் இன்னோரிடத்திலும் பதிவாக வாய்ப்புண்டு.

கைபேசி எண் இதைவிட மோசம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் டேபிளுக்குக் கைபேசி எண்தான் பிரைமரி கீ. ஒருவர் எண்ணைக் கைவிட்டார். சில மாதங்களில் தொலைபேசி நிறுவனம் அதே எண்ணை வேறொருவருக்குக் கொடுத்தது. புதியவர் பதிவு செய்ய வந்தபோது பழையவரின் கணக்கு, முகவரி, பாக்கித் தொகை எல்லாம் அவர் திரையில் வந்து நின்றன. ஓர் ஆளின் விவரம் இன்னொருவர் கண்ணில் பட்டது எங்களுக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அதைச் சரிசெய்ய ஏறக்குறைய இருபது டேபிள்களைத் தொட வேண்டியிருந்தது.

அதனால் ‘நூல்’ டேபிளுக்கு எந்த அர்த்தமும் இல்லாத ஓர் எண்ணை, அதாவது ஓர் ஐடியை, தரவுத்தளமே உருவாக்கட்டும். அர்த்தம் இல்லாததால் அதை மாற்றவேண்டிய காரணமும் வராது. ஐஎஸ்பிஎன்னைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது தனிப் புலமாக, வெறுமையாக இருக்க அனுமதியோடு, யூனிக் விதியோடு இருக்கட்டும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள்களில் யூனிக் புலத்தில் ‘நல்’ (வெறுமை) மதிப்பு எத்தனை பதிவுகளில் வேண்டுமானாலும் இருக்கலாம். எஸ்கியூஎல் சர்வர் என்ற மென்பொருளில் ஒன்றுதான் அனுமதி. அங்கே ‘நல் அல்லாத பதிவுகளுக்கு மட்டும்’ என்று நிபந்தனை சேர்த்த இண்டெக்ஸ் தேவைப்படும்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். ஐடி எண் ஒன்றை வைத்துவிட்டு, யூனிக் விதியை மறந்துவிடுகிறார்கள். ஐடி வேறுவேறாக இருக்கும், ஆனால் ஒரே நூல் மூன்று முறை பதிவாகியிருக்கும். தரவுத்தளம் அதைத் தடுக்காது, தடுக்கும்படி நீங்கள் சொல்லவில்லையே.

அப்படியானால் எல்லா டேபிளிலும் ஐடி புலம் வேண்டுமா?

பெரும்பாலானவற்றில் வேண்டும். ஆனால் இரண்டு டேபிள்களை இணைக்க மட்டுமே இருக்கும் டேபிளுக்கு அது தேவையில்லை. ஒரு நூலுக்குப் பல ஆசிரியர்கள், ஓர் ஆசிரியருக்குப் பல நூல்கள் என்றால் ‘நூல்–ஆசிரியர்’ டேபிளில் இரண்டு எண்கள் மட்டும் போதும். அந்த இரண்டையும் சேர்த்தே பிரைமரி கீயாக வையுங்கள். ஒரே ஆசிரியர் ஒரே நூலுக்கு இருமுறை ஏறாமல் அதுவே பார்த்துக்கொள்ளும். எதிர்த் திசையில் தேட, ஆசிரியர் எண்ணை முன்னால் வைத்து இன்னோர் இண்டெக்ஸ் போடுங்கள்.

‘இரவல்’ டேபிளை இப்படிச் செய்ய வேண்டாம். ஒரே உறுப்பினர் ஒரே பிரதியைப் பத்து நாள் கழித்து மறுபடி எடுக்கலாம். ஒவ்வொரு இரவலும் தனி நிகழ்வு, அதற்குத் தனி எண் வேண்டும்.

ஐடிக்கு இன்ட் என்ற எண் வகை போதுமா, பிக்இன்ட் வேண்டுமா?

சாதாரண இன்ட் 4 பைட், அதன் உச்சம் 2147483647. பிக்இன்ட் 8 பைட், அதைத் தீர்க்க முடியாது என்றே வைத்துக்கொள்ளலாம். நூலக உறுப்பினருக்கு இன்ட் போதும். ஆனால் நிகழ்வுகளைப் பதியும் டேபிளில் எண் இன்ட்டின் உச்சத்தைத் தொட்டுவிட்டால் புதிய பதிவே ஏறாது. அப்போது இத்தனை பதிவுகளையும் மாற்றி எழுத வேண்டும். பதிவுக்கு 4 பைட் மிச்சம் பிடிக்க இந்தக் கவலை வேண்டியதில்லை, எனக்குச் சந்தேகம் வந்தால் பிக்இன்ட்தான்.

தானாக ஏறும் எண்ணையே ரசீது எண்ணாக அச்சிடலாமா?

கூடாது. ஒரு பரிவர்த்தனை (முழுதாக நடக்க வேண்டிய, இல்லையேல் ரத்தாக வேண்டிய மாற்றங்களின் தொகுதி) பாதியில் ரத்தானால் அதற்கு ஒதுக்கிய எண் திரும்ப வராது, வரிசையில் இடைவெளி விழும். தணிக்கைக்கு வருபவர் 1041-க்கு அடுத்து ஏன் 1043 என்று கேட்பார். போதாததற்கு, மைஎஸ்கியூஎல் 8.0-க்கு முந்தைய பதிப்புகளில் இன்னோடிபி (அதன் சேமிப்புப் பொறி) இந்த எண்ணியை நினைவகத்தில் மட்டுமே வைத்திருந்தது. கடைசிப் பதிவை நீக்கிவிட்டு சர்வரை மறுபடி தொடங்கினால் அதே எண் வேறு பதிவுக்குப் போய்விடும். ரசீது எண் வேண்டுமென்றால் அதற்குத் தனிப் புலமும் தனிக் கணக்கும் வையுங்கள்.

யூயூஐடி (எங்கே உருவாக்கினாலும் மோதாதபடி அமைந்த நீண்ட அடையாள எண்) பற்றி என்ன சொல்கிறீர்கள்?

எண்ணை வெளியிலிருந்து ஊகிக்க முடியாமல் இருக்க வேண்டும், அல்லது பல இடங்களில் தனித்தனியே பதிவுகள் உருவாகி ஓரிடத்தில் சேர வேண்டும் என்றால் யூயூஐடி நல்ல தேர்வு. கிளை நூலகங்களில் இணையம் இல்லாத நேரத்திலும் இரவல் பதிந்துவிட்டு, மாலையில் தலைமையகத்துக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். தானாக ஏறும் எண் என்றால் இரண்டு கிளையிலும் 501 இருக்கும். யூயூஐடியில் மோதல் வராது.

அதை எப்படிச் சேமிக்கிறீர்கள் என்பதில்தான் சிக்கல் வருகிறது. யூயூஐடி 16 பைட். எழுத்தாக எழுதினால் 36 எழுத்துகள். எழுத்து வடிவில் சேமித்தால் இரண்டு மடங்குக்கு மேல் இடம் போகும். போஸ்ட்கிரெஸில் அதற்கென்றே ஒரு வகை உண்டு. மைஎஸ்கியூஎல்லில் 16 பைட் பைனரி புலத்தில் வையுங்கள்.

அடுத்தது வரிசை. நான்காம் வகை யூயூஐடி முழுக்கத் தற்செயலானது. அதனால் ஒவ்வொரு புதிய பதிவும் இண்டெக்ஸின் ஏதோ ஒரு மூலையில் போய் விழும். டேபிள் சிறியதாக இருக்கும்வரை தெரியாது. இண்டெக்ஸ் நினைவகத்தைத் தாண்டி வளர்ந்ததும், ஒவ்வொரு பதிவுக்கும் வட்டிலிருந்து வேறொரு பக்கத்தைக் கொண்டுவர வேண்டிவரும், பதியும் வேகம் சட்டென்று விழும். ஏழாம் வகை இதற்காகவே வந்தது. அதன் முதல் 48 பிட்டுகள் மில்லிசெகண்டில் நேரத்தைச் சொல்கின்றன, மீதியில் பெரும்பகுதி தற்செயல். புதியவை எப்போதும் இண்டெக்ஸின் கடைசிப் பக்கமாகவே சேரும். 2024 மே மாதம் இது தரமாக வெளியானது, போஸ்ட்கிரெஸ் 18 இதை உருவாக்கும் செயல்கூறை உள்ளேயே கொண்டிருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் இதையே எடுங்கள். ஆனால் எண்ணைப் பார்த்தே பதிவு உருவான நேரத்தைக் கண்டுபிடிக்க முடியும், அது ரகசியமாக இருக்க வேண்டிய இடத்தில் வெளியே காட்டாதீர்கள்.

பிரைமரி கீயின் அளவு ஏன் மற்ற இண்டெக்ஸ்களையும் பாதிக்கிறது?

இது தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் வேறுபடும். மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபியில் பிரைமரி கீயின் இண்டெக்ஸுக்குள்ளேயே முழுப் பதிவும் இருக்கிறது. மற்ற இண்டெக்ஸ்கள் ஒவ்வொன்றும் பதிவைச் சுட்டப் பிரைமரி கீயின் மதிப்பையே எடுத்து வைத்துக்கொள்கின்றன. ஐந்து இண்டெக்ஸ்கள் இருந்தால் உங்கள் பிரைமரி கீ ஐந்து தடவை எழுதப்படுகிறது. 36 எழுத்து யூயூஐடியை அங்கே வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். பிரைமரி கீ வைக்காமலே விட்டால், ‘நல்’ ஏற்காத யூனிக் இண்டெக்ஸ் ஒன்றைத் தேடி அதைப் பயன்படுத்தும். அதுவும் இல்லையென்றால் உங்கள் கண்ணுக்குத் தெரியாத 6 பைட் எண் ஒன்றைத் தானே வைத்துக்கொள்ளும்.

போஸ்ட்கிரெஸில் பதிவுகள் தனியாகக் குவிந்திருக்கும். பிரைமரி கீ உட்பட எல்லா இண்டெக்ஸும் பதிவு எந்தப் பக்கத்தில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதைச் சுட்டும். எனவே அங்கே பெரிய பிரைமரி கீ மற்ற இண்டெக்ஸ்களைக் கனமாக்காது. ஆனாலும் அதைச் சுட்டும் ஃபாரின் கீ புலங்களில் (இன்னொரு டேபிளின் கீயைக் குறிக்கும் புலங்கள்) அதே கனம் இருக்கத்தான் செய்யும்.

இண்டெக்ஸுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது?

வரிசைப்படுத்திய மதிப்புகளும், ஒவ்வொன்றுக்கும் பதிவு இருக்கும் இடமும். இது பி-மரம் என்ற அமைப்பில் இருக்கும். போயிங் ஆய்வுக்கூடத்தில் இருந்த ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் உருவாக்கியது, 1972-இல் இதழில் வெளியானது. மரம் என்றதும் உயரமாக நினைக்க வேண்டாம், இது படர்ந்த மரம். இன்னோடிபியின் ஒரு பக்கம் 16 கிலோபைட். சிறிய எண் என்றால் அந்தப் பக்கத்திலிருந்து நூற்றுக்கணக்கில், ஆயிரம்வரைகூடக் கிளைகள் பிரியும். அதனால் கோடிக்கணக்கான பதிவுகள் இருந்தாலும் மூன்று நான்கு பக்கங்களைப் புரட்டினால் வேண்டியது கிடைத்துவிடும்.

பல புலங்களைச் சேர்த்துப் போடும் கூட்டு இண்டெக்ஸில் எந்தப் புலத்தை முதலில் வைப்பது?

இதற்கு அகராதியை நினைத்துக்கொண்டால் போதும். அகராதி முதல் எழுத்தால் வரிசையாகி, அதற்குள் இரண்டாம் எழுத்தால் வரிசையாகிறது. ‘மர’ என்று தொடங்கும் சொற்களை உடனே எடுக்கலாம். இரண்டாம் எழுத்து ‘ர’ உள்ள சொற்கள் எல்லாம் வேண்டுமென்றால்? அகராதி முழுக்கச் சிதறிக் கிடக்கும். எதுகை தேடும் புலவருக்கு இரண்டாம் எழுத்துதான் முக்கியம். அதனால்தான் வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியை எழுதியபோது பெயர், பொருள், தொகை ஆகியவற்றோடு எதுகைக்காகத் தொடையகராதி என்று நான்காவது பகுதி ஒன்றைத் தனியாக அமைத்தார். ஒரே சொற்களஞ்சியத்துக்கு, தேடுபவரின் தேவையைப் பொறுத்து நான்கு வழிகள். இண்டெக்ஸ் வடிவமைப்பதை இதைவிடத் தெளிவாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

‘இரவல்’ டேபிளுக்கு வருவோம். ‘227-ஆம் உறுப்பினரின் இரவல்களில் இந்த வாரம் கெடு முடிபவை எவை?’ என்ற கேள்வி வருகிறது. உறுப்பினர் எண் சரிசமமாகப் பொருந்த வேண்டும், கெடு தேதி ஒரு வீச்சில் இருக்க வேண்டும். சமமாகப் பொருந்துவதை முதலில் வையுங்கள், வீச்சில் வருவதை அடுத்து வையுங்கள். உறுப்பினர், கெடு என்ற வரிசையில் போட்டால் அந்த உறுப்பினரின் பதிவுகள் சேர்ந்தாற்போல் இருக்கும், அதற்குள் தேதிகளும் வரிசையாக இருக்கும், ஒரு துண்டை வெட்டி எடுத்தால் முடிந்தது. திருப்பிப் போட்டால் இந்த வாரக் கெடுக்கள் அனைத்தையும் படித்து, 227-ஐத் தவிர மற்றவர்களைத் தள்ள வேண்டும்.

‘அதிக வேறுபாடு உள்ள புலம்தான் முதலில் வர வேண்டும்’ என்று ஒரு விதியைப் பல இடங்களில் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. மேலே உள்ள உதாரணத்தில் எதற்கு எத்தனை வேறு மதிப்புகள் என்று நாம் பார்க்கவே இல்லை. கேள்வி எப்படி வருகிறது என்பதைத்தான் பார்த்தோம். உறுப்பினர், கெடு இண்டெக்ஸ் இருந்தால் உறுப்பினருக்கு மட்டும் தனி இண்டெக்ஸ் பொதுவாகத் தேவையில்லை. கெடுவை மட்டும் வைத்துத் தேட இது பெரிதாக உதவாது. போஸ்ட்கிரெஸ் 18-உம் மைஎஸ்கியூஎல் 8.0-உம் முதல் புலத்தைத் தாண்டித் தேடும் உத்தியைக் கற்றிருக்கின்றன. ஆனால் முதல் புலத்தில் மிகச் சில மதிப்புகளே இருந்தால்தான் அதனால் பலன்.

ஃபாரின் கீக்கு இண்டெக்ஸ் தானாக வருமா?

மைஎஸ்கியூஎல் இன்னோடிபியில் வரும். போஸ்ட்கிரெஸ், எஸ்கியூஎல் சர்வர், ஆரக்கிள் மூன்றிலும் வராது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது. போஸ்ட்கிரெஸில் ஓர் உறுப்பினரை நீக்க முயன்றால், அவரைச் சுட்டும் இரவல்கள் இருக்கின்றனவா என்று பார்க்க ‘இரவல்’ டேபிள் முழுவதையும் அது படிக்கும். ஒரே ஒரு பதிவை நீக்க நிமிடக்கணக்கில் ஆகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இண்டெக்ஸ் இருக்கிறது, ஆனால் குவெரி (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) அதைத் தொடவே இல்லை. ஏன்?

முதலில் எக்ஸ்பிளெயின் கட்டளை போட்டுப் பாருங்கள், குவெரியை எந்த வழியில் ஓட்டப் போகிறது என்று அது காட்டும். போஸ்ட்கிரெஸிலும், மைஎஸ்கியூஎல் 8.0.18 முதலும், எக்ஸ்பிளெயின் அனலைஸ் என்று கொடுத்தால் குவெரியை ஓட்டியே காட்டும். ஊகித்த எண்ணிக்கையும் உண்மை எண்ணிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வரும். இரண்டும் நூறு மடங்கு விலகியிருந்தால் டேபிளைப் பற்றித் தரவுத்தளம் வைத்திருக்கும் புள்ளிவிவரம் பழசாகிவிட்டது என்று அர்த்தம், அனலைஸ் கட்டளை கொடுங்கள். நிறையத் தரவை மொத்தமாக ஏற்றிய உடனே இது அடிக்கடி நடக்கும்.

புலத்தை ஒரு செயல்கூறுக்குள் பொதிந்திருந்தாலும் இப்படி ஆகும். ‘எடுத்த தேதியின் ஆண்டு 2024’ என்று கேட்டால், இண்டெக்ஸில் இருப்பது தேதி, நீங்கள் கேட்பது ஆண்டு, அதனால் பொருந்தாது. 2024 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின், 2025 ஜனவரி 1-க்கு முன் என்று கேளுங்கள், பொருந்தும். மைஎஸ்கியூஎல்லில் எழுத்துப் புலத்தில் வைத்த கைபேசி எண்ணை மேற்கோள் குறி இல்லாமல் எண்ணாகத் தேடினாலும் இதே கதிதான். நான் பார்த்த மெதுவான குவெரிகளில் கணிசமானவை இந்த ஒரு மேற்கோள் குறியால் சரியானவை.

இன்னொரு காரணம், அது தேவையே இல்லாமல் இருக்கலாம். நூல்களில் பத்துக்கு ஒன்பது தமிழ் என்றால், ‘மொழி தமிழ்’ என்று தேடும்போது டேபிளை முழுதாகப் படிப்பதே வேகம். அதே இண்டெக்ஸ் ‘மொழி உருது’ என்று தேடும்போது பயன்படலாம். சோதனைக் கணினியில் இருபது பதிவுகளை வைத்துக்கொண்டு இண்டெக்ஸ் வேலை செய்யவில்லை என்று கவலைப்படுபவர்களும் உண்டு. இருபது பதிவுகள் ஒரே பக்கத்தில் இருக்கும்போது தரவுத்தளம் ஏன் இண்டெக்ஸைத் தேடிப் போக வேண்டும்?

ஒரே பிரதியை ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குக் கொடுத்துவிடாமல் தடுக்க முடியுமா?

முடியும், அதுவும் அழகாக. ‘இரவல்’ டேபிளில் பிரதி எண்ணுக்கு யூனிக் இண்டெக்ஸ் போடுங்கள், ஆனால் ‘திரும்பிய தேதி வெறுமையாக இருக்கும் பதிவுகளுக்கு மட்டும்’ என்று நிபந்தனை சேருங்கள். பழைய இரவல்கள் எத்தனை இருந்தாலும் கவலையில்லை. நடப்பு இரவல் பிரதிக்கு ஒன்றுதான் இருக்க முடியும். இரண்டு கவுன்டர்களில் இரண்டு நூலகர்கள் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினாலும் ஒருவருக்குத்தான் பதிவாகும். நிரலில் ‘இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் சேர்’ என்று எழுதினால் இந்த உறுதி கிடைக்காது, பார்த்ததற்கும் சேர்த்ததற்கும் நடுவில் இன்னொருவர் புகுந்துவிடலாம்.

இந்த இண்டெக்ஸ் சிறியதாகவும் இருக்கும். பத்து லட்சம் இரவல்கள் பதிவாகியிருந்தாலும் இப்போது வெளியே இருப்பவை சில ஆயிரம்தானே. போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட், எஸ்கியூஎல் சர்வர் மூன்றிலும் இந்த வசதி உண்டு. மைஎஸ்கியூஎல்லில் இல்லை. அங்கே கணக்கிட்டுப் பெறும் புலம் ஒன்றை உருவாக்குங்கள். நூல் திரும்பாதவரை அதில் பிரதி எண் இருக்கும், திரும்பியதும் ‘நல்’ ஆகும். அந்தப் புலத்துக்கு யூனிக் போட்டால் அதே பலன்.

தமிழ்த் தலைப்புகளுக்கு இண்டெக்ஸ் போடும்போது தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

உண்டு. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வுடன் ஒகரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு விதம். க-வுடன் ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியே சேர்ப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றே. யுடிஎஃப்-8-இல் முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். போஸ்ட்கிரெஸின் வழக்கமான அமைப்பில் இவை வேறுவேறு சொற்கள். ‘கொடி’ என்று தலைப்பைத் தேடினால் நூல் கிடைக்காது, கண்ணெதிரே இருக்கும். யூனிக் விதியும் இரட்டைப் பதிவைப் பிடிக்காது. தீர்வு எளிது. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் எழுத்தை என்எஃப்சி என்ற ஒரே யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் 13 முதல் இதற்கு நார்மலைஸ் செயல்கூறு இருக்கிறது.

அப்புறம், எழுத்துகளின் வரிசை. போஸ்ட்கிரெஸ் பல நிறுவல்களில் எழுத்து வரிசையை இயங்குதளத்தின் ஜிலிப்சி என்ற நிரல் தொகுப்பிடமிருந்து பெறுகிறது. 2018-இல் ஜிலிப்சி 2.28 வந்தபோது அந்த வரிசை மாறியது. பழைய வரிசையில் கட்டிய இண்டெக்ஸைப் புதிய வரிசையில் தேடினால், இருக்கும் பதிவே இல்லை என்று வரும். இயங்குதளத்தை மேம்படுத்தினால் எழுத்துப் புலங்களின் இண்டெக்ஸ்களை ரீஇண்டெக்ஸ் செய்ய மறக்காதீர்கள்.

தலைப்பின் நடுவில் இருக்கும் சொல்லைத் தேட சாதாரண இண்டெக்ஸ் உதவாது. அதற்கு முழு உரைத் தேடல் என்ற வேறு ஏற்பாடு உண்டு.

எல்லாப் புலத்துக்கும் இண்டெக்ஸ் போட்டுவிட்டால் என்ன?

ஒவ்வொரு பதிவு சேரும்போதும் அத்தனை இண்டெக்ஸ்களையும் புதுப்பிக்க வேண்டும். நினைவகத்தையும் அவை பங்கு போட்டுக்கொள்ளும். போஸ்ட்கிரெஸில் இன்னொரு இழப்பும் உண்டு. இண்டெக்ஸ் இல்லாத புலம் மட்டும் மாறி, அதே பக்கத்தில் இடமும் இருந்தால், எந்த இண்டெக்ஸையும் தொடாமல் பதிவை மாற்றும் வசதி 8.3 பதிப்பிலிருந்தே இருக்கிறது. அடிக்கடி மாறும் புலத்துக்கு இண்டெக்ஸ் போட்டால் அந்தச் சலுகை போய்விடும்.

பயன்படாதவற்றைக் கண்டுபிடிக்க போஸ்ட்கிரெஸில் ஒவ்வோர் இண்டெக்ஸும் எத்தனை முறை பயன்பட்டது என்ற கணக்கு இருக்கிறது, மைஎஸ்கியூஎல்லில் பயன்படாத இண்டெக்ஸ்களின் பட்டியலே இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஓடும் அறிக்கைக்காக இருக்கும் இண்டெக்ஸும் அதில் வரும், பார்த்து நீக்குங்கள். மைஎஸ்கியூஎல் 8.0-இல் முதலில் அதை மறைத்து வைத்துப் பார்க்கலாம். யாரும் புகார் சொல்லவில்லையென்றால் பிறகு நீக்கலாம், சிக்கல் வந்தால் நொடியில் திரும்பக் கொண்டுவரலாம்.

நூலகம் திறந்திருக்கும்போதே பெரிய டேபிளில் இண்டெக்ஸ் சேர்க்கலாமா?

போஸ்ட்கிரெஸில் சாதாரணமாகச் சேர்த்தால், முடியும்வரை யாரும் இரவல் பதிய முடியாது. கன்கரன்ட்லி என்ற சொல்லைச் சேர்த்துக் கட்டளை கொடுங்கள். நேரம் அதிகம் எடுக்கும், ஆனால் பதிவுகள் நிற்காது. அதைப் பரிவர்த்தனைக்குள் வைத்து ஓட்ட முடியாது. நடுவில் தோற்றுப்போனால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிஞ்சும். தேடலுக்கு உதவாது, ஆனால் ஒவ்வொரு பதிவுக்கும் செலவு வைக்கும். அதனால் கட்டளை முடிந்ததும் இண்டெக்ஸ் செல்லுபடியாகிறதா என்று ஒருமுறை பாருங்கள். செல்லாததை நீக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள்.